நெட் வரவில்லை: பழுது எந்தத் துண்டில்?

போனில் வைஃபை குறி முழுதாக நிற்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி கடிகாரக் குறியோடு தொங்குகிறது, யூட்யூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பலரும் குழம்புவது இங்கேதான். அந்தக் குறி இணையத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. போனுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவே ரேடியோ அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. தெருவில் ஃபைபர் அறுந்து கிடந்தாலும் அது முழுதாகத்தான் நிற்கும். புதிய போன்களில் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வரும், அவ்வளவுதான்.

வீட்டு இணைப்பில் மூன்று துண்டுகள் உண்டு. போனிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் போவது ஒன்று. ரவுட்டர் என்ற சின்னக் கணினியின் உள்வேலை இன்னொன்று. அங்கிருந்து ஃபைபர் வழியாகத் தெருக்கம்பம், கேபிள்காரரின் அறை, நிறுவனம், அதற்கப்பால் உலகம் என்று நீள்வது மூன்றாவது. எது கெட்டாலும் நமக்குத் தெரிவது 'நெட் வரவில்லை' என்பது மட்டும்தான். எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம். அதைச் செய்யாமல் பிளானை ஏற்றுவதும் புது ரவுட்டர் வாங்குவதும் வீண் செலவில் முடிகின்றன. எல்லோரும் குறை சொல்வது மூன்றாவது துண்டை. அதிகம் கோளாறு இருப்பதோ முதல் துண்டில். குழாய் அடைத்திருக்கும்போது மேல்தொட்டியைப் பெரிதாக்கினால் தண்ணீர் கூடுதலாக வந்துவிடுமா?

முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். அணைத்துப் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்துவிட்டால் பழுதின் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, இழை வழியாக வரவேண்டிய வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது. பெட்டிக்குள் நுழையும் ஒயர் எங்காவது மடங்கி, நசுங்கி இருக்கிறதா என்று பார்க்கலாம். சோபாவை நகர்த்தியது, ஜன்னல் கதவை இறுக்கி மூடியது, பெருக்கும்போது ஒயர் இழுபட்டது எல்லாமே காரணமாகும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை; ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வளைவில் மடித்தால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும். பச்சை நிற முனையைக் கழற்றி ஊதுவது, துணியால் துடைப்பது வேண்டவே வேண்டாம். நுனியில் ஒட்டும் ஒரு தூசியே போதும் சிக்னலைக் கெடுக்க. கண்ணருகே பிடித்து உள்ளே பார்ப்பதும் கூடாது. வருவது அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளிச்சம் இருக்கும்.

இந்த வெளிச்சத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவை ஜிபான் என்ற முறையில் இயங்குகின்றன. கேபிள்காரரின் பக்கமிருந்து 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வெளிச்சம் வருகிறது. நம் பக்கமிருந்து 1310இல் போகிறது. இரண்டும் ஒரே இழையில்தான். நடுவே ஸ்ப்ளிட்டர் என்ற பொருள் அந்த ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அத்தனையில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிச்சம். லைன்மேன் வந்து பவர் மீட்டரைச் சொருகும்போது என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண் ஒன்று சொல்வார். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு என்று பொருள். பெட்டி பொதுவாக -8 முதல் -27 வரை தாங்கும். -20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. -26, -27 என்றால் இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்கு அறுபடும். 'நெட் வந்திருச்சு சார்' என்று அவர் கிளம்பும் முன் அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. இங்கே ஃபைபர் பெரும்பாலும் தெருக்கம்பத்திலும் மரக்கிளையிலும் தொங்குகிறது. உயரமான லாரி, எலி, அணில், கிளை வெட்டுகிறவரின் அரிவாள் என்று அதற்கு எதிரிகள் நிறைய. ஒட்டுப்போட்ட ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் வெளிச்சம் குறையும்.

மின்சாரத்தையும் மறந்துவிடக்கூடாது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடிக்குள் ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறது. ஆன்லைன் வகுப்பு நடக்கும் வீட்டில் ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவைப்பது நியாயமான செலவு. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அடாப்டரும் ஒரு சந்தேகப் பொருளே. பல வருடம் இரவு பகலாகச் சூட்டில் ஓடியதும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்து, வேலை கூடும் நேரத்தில் போதுமான மின்சாரம் தராமல் போகும். விளக்கெல்லாம் எரியும், ஆனால் நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்த்தால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். இப்படி நடந்தால் ரவுட்டரைத் தூக்கிப்போடும் முன் அதே அளவு அடாப்டர் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தும் எதுவும் திறக்கவில்லையா? போனில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளில் 192.168.0.1, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். ரவுட்டரின் லாகின் பக்கம் சட்டென்று வந்தால் முதல் துண்டு நன்றாக இருக்கிறது. வராவிட்டால் பழுது காற்றிலோ போனிலோ ரவுட்டரிலோதான். கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நின்றால், ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டர் மூச்சுத்திணறுகிறது, இல்லை இரண்டுக்கும் நடுவே பேச்சே நடக்கவில்லை.

லாகின் பக்கம் வருகிறது, வெளி உலகம் வரவில்லை என்றால் அடுத்த சோதனை: மடிக்கணினியில் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் கொடுப்பது, அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. இது கூகுள் 2009இல் தொடங்கிய பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி. பதில் வருகிறது, ஆனால் இணையதளங்கள் பெயரைச் சொன்னால் திறப்பதில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. இணையதளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும், நம் இணைய நிறுவனத்தின் சர்வர் படுத்துவிட்டது. இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் திறக்கும். பிங்குக்கும் பதில் இல்லை என்றால் ரவுட்டரின் லாகின் பக்கத்தில் 'வான்' (WAN, வெளி இணைப்பு) நிலையைப் பார்க்க வேண்டும். நிறைய உள்ளூர் இணைப்புகள் பிபிபிஓஈ என்ற முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துத்தான் இணைகின்றன. பிளான் முடிந்துபோனாலும், அந்தப் பெயர் பெட்டியிலிருந்து அழிந்துபோனாலும் இங்கே 'இணைப்பு இல்லை' என்று நிற்கும்.

அந்தப் பெயர் எப்படி அழிகிறது? பின்னால் சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு ரீசெட் அழுத்துவதால்தான். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போடுவது ரவுட்டரின் நினைவகத்தைக் காலி செய்கிறது, புதிய இணைப்பைக் கேட்டு வாங்குகிறது, வைஃபை பேசும் அலைவரிசையான சேனலையும் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. வீட்டில் ஒவ்வொரு போனும் டிவியும் திறக்கும் ஒவ்வொரு தொடர்பையும் ரவுட்டர் ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. மலிவான பெட்டிகளில் அந்த அட்டவணை சீக்கிரம் நிரம்பிவிடும். ரீஸ்டார்ட் பலிப்பதற்கு இதெல்லாம் காரணம். ரீசெட் செய்வதோ கேபிள்காரர் எழுதிவைத்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவில் அதைச் செய்தால் திங்கள் அவர் வரும்வரை வீட்டில் இணையம் கிடையாது. தினமும் ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடுகிறது என்றாலும் அது தீர்வாகாது. சூடு, அடாப்டர், பழைய மென்பொருள் மூன்றில் ஒன்று காத்திருக்கிறது.

சரி, இப்போது காற்றுக்கு வருவோம். அதிகம் பேச வேண்டிய இடம் இதுதான்.

நம் வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடத்தை முடிவு செய்தது யார்? பெரும்பாலும் சுவரில் துளை போட்டவர். ஒயர் உள்ளே வரச் சுலபமான மூலை எதுவோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவார். வாசலை ஒட்டிய சுவர், டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே. அலை நாலாபக்கமும் பரவுவதால் வாசல் மூலையில் மாட்டிய ரவுட்டரின் பாதி பலம் தெருவுக்குப் போகிறது. தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியிலேயே பலம் நாலில் ஒன்றாகக் குறையும். அப்புறம் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, அதில் பதித்த கண்ணாடி, தண்ணீர் நிரம்பிய டிரம், மீன்தொட்டி. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கிறது, தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவரை ஒட்டி பீரோ நிற்கும் வீட்டில், அந்த அறை ஒரு நிழலுக்குள் இருக்கிறது. பிளானை மாற்றி அந்த நிழலை அகற்ற முடியாது. ரவுட்டரை ஹாலின் நடுப்பகுதிக்கு, ஆளுயரத்துக்கு மேல், திறந்த அலமாரிக்குக் கொண்டுவாருங்கள். பத்து மீட்டர் ஃபைபர் ஒயரோ லேன் கேபிளோ கூடுதலாக இழுக்கும் செலவு மிகச் சிறியது. வேறு எந்த மாற்றமும் இவ்வளவு பலன் தந்து நான் பார்த்ததில்லை.

சிக்னலை அளக்க வேண்டுமானால் ஆண்ட்ராய்டு போனில் இலவச வைஃபை அளவு செயலிகள் உண்டு. இங்கும் டிபிஎம்தான். -50 என்றால் அருமை, -67 வரை வீடியோ கால் நன்றாக ஓடும், -75ஐத் தாண்டினால் திணறும், -80க்குக் கீழே குறி தெரியும், வேலை நடக்காது. ஒவ்வொரு 10 குறையும்போதும் பலம் பத்தில் ஒன்றாகிறது. வீடு முழுக்க நடந்து அறைக்கு அறை இந்த எண்ணைக் குறித்தால் எந்தச் சுவர் குற்றவாளி என்று தெளிவாகத் தெரியும். ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: ரவுட்டர் உரக்கப் பேசும், போன் மெல்லத்தான் பேசும். அதனால் ரவுட்டர் சொல்வது நமக்கு நன்றாகக் கேட்டாலும், நம் போன் சொல்வது ரவுட்டருக்கு எட்டாமல் போகும் இடங்கள் உண்டு. குறி இருந்தும் செய்தி போகாமல் நிற்பதற்கு இது இன்னொரு காரணம்.

அடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்ற கேள்வி. 2.4 சுவர் தாண்டும், தூரம் போகும், ஆனால் நெரிசல். 5 வேகமானது, இடம் அதிகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் வழி திறந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் 2018இல்தான் முழுதாகத் திறக்கப்பட்டது. கேபிள்காரர் இலவசமாகத் தரும் பழைய பெட்டிகள் பலவற்றில் 2.4 மட்டும் இருக்கும். 200 மெகாபிட் பிளான் எடுத்து அந்தப் பெட்டியில் ஓட்டினால் அடுக்குமாடியில் 30, 40க்கு மேல் காண்பது கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்பதற்குக் காரணம் சேனல்கள். 2.4இல் இங்கே 13 சேனல்கள் உண்டு, ஆனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன; ஒரு வைஃபை சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்கிறது. கூட்டமில்லாத சேனல் என்று 3ஐயோ 8ஐயோ தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது தவறான கணக்கு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது இன்னொன்று கேட்டு, முடிந்ததும் தன் முறையை எடுத்துக்கொள்கின்றன. பாதி மட்டும் மேலே விழும் சேனலில் இருந்தால் அடுத்தவர் பேசுவது புரியாது, வெறும் இரைச்சலாக விழும். இருவர் அனுப்பியதும் கெட்டு மறுபடி அனுப்ப வேண்டிவரும். அதனால் பக்கத்து வீட்டோடு 6இல் பங்குபோடுவது 8க்குப் போவதைவிட நல்லது. அதேபோல 2.4இல் சேனல் அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20க்குக் குறையுங்கள். நமக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே 2.4இல்தான் இயங்குகின்றன. சமையலறையில் சாதம் சூடாகும் இரண்டு நிமிடம் மட்டும் வீடியோ கால் உடைந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கடைசி அறையில் பலவீனமான சிக்னலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய டேப்லெட், அதே செய்தியை அனுப்பப் பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு நேரமும் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதிய போனும் காத்திருக்கிறது. ஆகவே, அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவியையும் மேசைக் கணினியையும் கேபிளில் கொடுத்துவிட்டால் காற்று மற்றவர்களுக்குக் காலியாகும்.

5 கிகாஹெர்ட்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரவுட்டர் அங்கே பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் போல எதுவும் தென்பட்டால் உடனே விலகவும் வேண்டும். ரீஸ்டார்ட் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தாமதமாகத் தெரிவதும், காரணமே இல்லாமல் சில நொடி அறுந்து வருவதும் இதனால் இருக்கலாம். சேனலை 36 அல்லது 149 என்று நிலையாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேபிளிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகம் எவ்வளவு முயன்றாலும் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறாமல் சுவரில் முட்டியதுபோல் நின்றால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். எங்கோ ஒரு இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. பெட்டியின் போர்ட்டே அவ்வளவுதானா, அல்லது லேன் கேபிளில் கோளாறா என்று பார்க்க வேண்டும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு ஒயர்களும் வேண்டும்; 100க்கு நாலு போதும். கிளிப்பில் ஓர் ஒயர் சரியாகக் குத்தாமல் விட்டிருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பழுது என்று எந்த விளக்கும் சொல்லாது. பிளான் அளவு மெகாபிட்டில், டவுன்லோடு காட்டுவது மெகாபைட்டில் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் வருவதே முழு வேகம்.

ஸ்பீட் டெஸ்டில் எல்லாம் பிரமாதம், ஆனால் வீட்டில் யாராவது புகைப்படங்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால் மட்டும் வீடியோ காலில் குரல் தடுமாறுகிறது. இது தனி நோய். அப்லோடு பாதை நிரம்பும்போது ரவுட்டர் வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துணுக்குகளை, கைவிடாமல் நீளமாகச் சேர்த்துவைக்கிறது. குரல் அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, பஃபர்ப்ளோட் என்று பெயரிட்டார். 8.8.8.8க்குப் பிங் கொடுத்துக்கொண்டே ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்து பாருங்கள். 20 மில்லிசெகண்டில் வந்த பதில் பல நூறுக்கு ஏறினால் அதேதான். போன் பேக்கப்பை இரவுக்கு மாற்றலாம். ரவுட்டரில் கியூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால் அப்லோடு வரம்பைப் பிளான் அளவுக்குச் சற்றுக் கீழே வைக்கலாம்.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் அதை மாடியில் சொருகுகிறார்கள். ஏற்கெனவே செத்துப்போன சிக்னலை அது திரும்பச் சொல்வதால் என்ன பயன்? கீழிருந்து வரும் சிக்னல் இன்னும் பலமாக இருக்கும் படிக்கட்டுப் பகுதியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் கொடுப்பதால் வேகம் பாதியாகும். கான்கிரீட் தளத்தைத் தாண்ட நம்பகமான வழி, ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது ஒயரில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டியாக, வைப்பது. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வாங்கினாலும் பெட்டிகளை ஒயரால் இணைத்தால்தான் அதன் முழுப் பலன். ஆனால் மொட்டைமாடி வழியாக வெளியே செம்புக் கேபிள் இழுக்கவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் அது மின்னல் அதிர்வை உள்ளே கொண்டுவரும். ஃபைபரின் கண்ணாடி இழைக்கு அந்தப் பயம் இல்லை.

ஒரே ஒரு கருவி மட்டும் இணையவில்லை என்றால் கதை வேறு. ஸ்மார்ட் பல்பும் கேமராவும் பெரும்பாலும் 2.4 மட்டும் அறிந்தவை. பழைய கருவிகளுக்கு 2018இல் வந்த டபிள்யூபிஏ3 பாதுகாப்பு புரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறையை வையுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ரவுட்டரில் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் உள்ளே விடும் மேக் ஃபில்டர் போட்டிருந்தால் போன் வெளியே நிற்கும்.

எல்லாம் பார்த்தபின் மூன்றாவது துண்டே குற்றவாளி என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். மடிக்கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, வைஃபையை அணைத்து, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தை எடுங்கள். காலையில் முழு வேகம், இரவில் பாதி என்று சில நாள் தொடர்ந்தால் கேபிள்காரரின் பக்கம் நெரிசல் இருக்கிறது. உள்நாட்டுத் தளங்கள் வேகமாகவும் வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் மெதுவாகவும் இருந்தால் அவர் கையிலும் இல்லை. 2025 செப்டம்பரில் ஜெத்தா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் பலருக்கு அப்படித்தான் இருந்தது. மற்றபடி புகார் செய்யும்போது 'ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் சொல்லாமல், எல்ஓஎஸ் விளக்கின் நிறம், கேபிளில் எடுத்த வேகம், நேரம், லைன்மேன் சொன்ன டிபிஎம் எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி புகாருக்கு ஒரு பதிவு எண் தரவேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.